தழும்பு இல்லாத படம்

அத்தியாயம் பதினான்கு

ஊர் சுற்றிப் பார்ப்பது ஓய்வு என்று எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ தெரியவில்லை. பெரியவளின் கால்களைக் கேட்டால் வேறு கதை சொல்லும். இரண்டாம் நாள் காலையிலேயே இரண்டும் கெஞ்ச ஆரம்பித்திருந்தன. கடனுக்கு வாங்கி வந்த கோட்டு தோளில் அழுத்தியது. மூக்கு நுனி இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

போன வாரத்தை விட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரியவள் வாழ வந்த வீட்டில் எல்லோருக்கும் சோறு போடுவது ஒரு போட்டோ ஸ்டூடியோ. மாமனார் ஆரம்பித்தது. பெரிய மகன் கேமராவைப் பிடிக்கிறான். சின்ன மகன் கல்யாண வீடியோ என்று ஊர் ஊராகப் போகிறான். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு மருமகள்கள். சின்னவள் ஆல்பம் அடுக்குவாள், நிறம் சரிபார்ப்பாள். பெரியவள் முகங்களைத் துடைப்பாள். மாப்பிள்ளையின் பரு, தாசில்தாரின் சவரக் கீறல், கல்யாணப் பெண்ணின் தூங்காத கண், எதுவாக இருந்தாலும் அவள் கைபட்டால் போய்விடும்.

பெரியவளின் பள்ளித் தோழிகள் இருவர் குளிர்கால விடுமுறைக்கு இந்தப் பெரிய நகரத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். ஒருத்தி சரித்திர டீச்சர். பள்ளியிலும் வெளியிலும் அவள் பெயர் 'வரலாறு'. மற்றவள் மருந்துக் கடைக்காரி, 'மாத்திரை'. கல்யாணமான பிறகு முதல் தடவையாகப் பெரியவள் தன் வாயால் கேட்டு அனுமதி வாங்கினாள். சின்னவளும் கூட ஒட்டிக்கொண்டாள். ஒட்டிக்கொண்ட காரணத்தை ரயிலில்தான் சொன்னாள். இங்கே ஒரு பெரிய விளம்பரக் கம்பெனியில் அவளுக்கு நேர்காணல். கிடைத்தால் புருஷனை இழுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிடுவாள். புருஷனுக்கு இன்னும் தெரியாது. அவன் காதில் விழுந்தது அடுத்த நிமிடம் அப்பா காதில் விழும் என்பதால் சொல்லவில்லை. தானே போய், தானே வாங்கி வந்த பிறகு சொன்னால்தான் யாராலும் தடுக்க முடியாது என்பது அவள் கணக்கு.

"போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று பெரியவள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உறைத்தது.

ஏனென்றால் மாமனார் ஒரு உத்தரவு போட்டிருந்தார். போகிற இடத்தில் எல்லாம் இரண்டு மருமகள்களும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று குடும்பக் குழுவுக்கு வந்தாக வேண்டும். சந்தேகப்பட்டு அல்ல. மனுஷனுக்கு முழங்கால் போய் வீட்டோடு உட்கார்ந்தாயிற்று. படம் வந்தால் அதில் குற்றம் கண்டுபிடித்து ஒரு பொழுது ஓட்டலாம். தலைக்கு மேலே இவ்வளவு ஆகாயம் எதற்கு, அந்தக் கம்பத்தை யார் உன் தலையில் நட்டது என்று எழுதுவார். நேற்று ரயில் நிலையத்தில் எடுத்த படத்துக்கே மூன்று குறை சொல்லியிருந்தார்.

படம் வராவிட்டால் போன் வரும். போன் வந்தால் சின்னவள் பேச வேண்டும். சின்னவளுக்குப் பொய் சொல்ல வராது, குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே காலையில், தோழிகள் காபிக்கு இறங்கிய நேரம் பார்த்து, விடுதி அறையின் வெள்ளைச் சுவரோரம் சின்னவளை நிறுத்தினாள் பெரியவள். கோட்டு, சிவப்புக் கம்பளித் தொப்பி, மப்ளர். நேராகப் பார், இந்தப் பக்கம் திரும்பு, சிரி, தொப்பியைத் தூக்கு, கையை நீட்டிக் காட்டு என்று வரிசையாக எடுத்துத் தள்ளினாள். இந்தச் சின்னவளை வெட்டி எடுத்து, போகிற இடத்தில் எல்லாம் தன் பக்கத்தில் ஒட்டிக்கொள்வது ஏற்பாடு. அந்த வேலை பெரியவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. செத்துப்போன அப்பாவை மகள் கல்யாணப் படத்தில் நிறுத்தியிருக்கிறாள். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட அண்ணனைக் கொண்டுவந்து தம்பியின் தோளில் கை போட வைத்திருக்கிறாள்.

வானமும் கூட்டுச் சேர்ந்துகொண்டது. நாள் முழுக்க மூட்டம். வெயில் இல்லாவிட்டால் நிழல் இல்லை. நிழல் இல்லாவிட்டால் ஒட்டுத் தெரியாது.

ஒரே ஒரு உறுத்தல். மாமனார் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கைக்காரர் படத்தில் அவர் கேட்டால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். வீட்டு ஆட்கள் படத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. அந்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் பெரியவளின் அழுது வீங்கிய மூக்கு அப்படியே இருக்கிறது. மற்ற வீட்டு மருமகள்கள் மாமியாருக்குத் தெரியாமல் நகை வாங்குவார்கள், சினிமாவுக்குப் போவார்கள். இவள் மாமனாருக்குத் தெரியாமல் படம் திருத்தப் போகிறாள்.

"பயமா இருக்குக்கா" என்றாள் சின்னவள், கதவருகில். தன் வேலைகளை அச்சடித்து வைத்திருந்த பெரிய பையை மார்போடு அணைத்திருந்தாள்.

"உள்ள போனதும் கோட்டைக் கழட்டிடு. இல்லன்னா மூட்டை மாதிரி இருப்பே" என்றாள் பெரியவள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

தோழிகளிடம் பெரியவள், சின்னவள் யாரோ பழைய சிநேகிதியைப் பார்க்கப் போயிருப்பதாகச் சொல்லி வைத்தாள். மாத்திரை தலையை ஆட்டிவிட்டுப் பன்னைக் கடித்தாள். வரலாறு மட்டும், அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு அப்படி என்ன சிநேகிதி என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அதை இறக்கி வைப்பதற்குள், உச்சியில் நின்றால் ஊரே தெரியும் என்கிற அந்தக் கோபுரம் வந்துவிட்டது.

கோபுரத்தில் லிப்டுக்கு வரிசை கட்டிடத்தைச் சுற்றி வளைந்து போனது. மேலே போனால் மூடுபனி. நகரம் இருக்க வேண்டிய இடத்தில் துவைத்த வேட்டி விரித்த மாதிரி வெள்ளை. அதைப் பார்க்கவா இவ்வளவு நேரம் நின்றோம் என்று மாத்திரை கேட்டாள். பனிக்கு அடியில் என்னென்ன இருக்கிறது என்று வரலாறு விரலால் சுட்டிச் சுட்டிச் சொன்னாள்.

பெரியவள் தன்னை மட்டும் ஓரமாக விட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். கையுறையோடு போன் கேட்கவில்லை. உறையைக் கழற்றினால் விரல் கேட்கவில்லை. ஊதி ஊதிச் சின்னவளை வெட்டினாள், ஒட்டினாள், ஓரங்களை மெழுகினாள், அனுப்பினாள்.

'கைப்பிடிக் கம்பி சாய்ந்திருக்கிறது. ஒன்று கம்பி சாய்வு, அல்லது நீ சாய்வு' என்று மாமனாரிடமிருந்து பதில் வந்தது. ஒட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெரியவளுக்கு உயிர் வந்தது.

அடுத்து அருங்காட்சியகம். வரலாறு ஒரு பலகையை விடவில்லை. உடைந்த பானைக்கு ஒரு பிரசங்கம், உடையாத பானைக்கு இரண்டு. எந்தக் கூடத்திலும் முதலில் பெரியவளின் கண்ணில் பட்டது பெஞ்சுதான். உட்கார்ந்த இடத்தில் எல்லாம் போனும் கையுமாக இருந்ததைப் பார்த்துத் தோழிக்குப் பொறுக்கவில்லை.

"ஊரைப் பாக்க வந்தியா, போனைப் பாக்க வந்தியா?"

"வீட்டுக்குப் படம் அனுப்பணும். மாமா காத்துட்டிருப்பார்."

"உன் மாமனாரையே கூட்டிட்டு வந்திருக்கலாம். நாங்க வீட்ல இருந்திருப்போம்" என்று சொல்லிவிட்டு வரலாறு அடுத்த பானைக்குப் போனாள். சொன்னதில் நியாயம் இருந்ததுதான் பெரியவளுக்கு வலித்தது. வருஷக்கணக்கில் காத்திருந்து வந்த விடுமுறை, வீட்டில் செய்கிற அதே வேலையைக் குளிரில் செய்வதாக முடிந்துவிட்டதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஒரு மண்டை ஓட்டுக்கு எதிரே உட்கார்ந்து, இப்போது சின்னவள் என்ன பண்ணிக்கொண்டிருப்பாள் என்று யோசித்தாள். யோசனை அங்கே நிற்கவில்லை. ஸ்டூடியோவில் மலையும் அருவியும் வரைந்த பழைய திரை ஒன்று உண்டு. சாயங்கால டீயை இரண்டு மருமகள்களும் அந்த மலைக்குப் பின்னால் நின்றுதான் குடிப்பார்கள். அங்கே நின்றுதான் வாடிக்கைக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அழ வேண்டியதையும் அங்கேயே அழுது, துடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். அக்கா தங்கை இல்லாமல் பிறந்தவளுக்கு ஓரகத்தியாக வந்தவள் அவள். இவள் போய்விட்டால் அந்த மலைக்குப் பின்னால் தான் மட்டும் நிற்க வேண்டும்.

கிடைக்காமல் போகட்டும் என்று ஒரு நொடி நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் தன்னை நினைத்தே கூசியது. இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று சின்னவள் நம்புகிற பெரியவளா இது? ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

மதியத்துக்கு மேல் பாலம். ஆற்றின் ஓரங்கள் உறைந்திருந்தன. காற்று கோட்டுக்குள் புகுந்து சாமான் தேடியது. மாத்திரை சுடச்சுட ஒரு சூப் வாங்கிக்கொடுத்தாள். பெரியவள் அதைக் குடிக்காமல் கையைச் சுற்றி வைத்துச் சூடு காட்டிக்கொண்டாள். அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த படத்தை முடித்துவிட வேண்டும். தொப்பியைத் தூக்கியபடி சின்னவள் சிரிக்கிற படத்தை எடுத்து ஒட்டினாள். கண் எரிந்தது. கை மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது. அனுப்பிவிட்டுச் சூப்பை ஒரே மூச்சில் குடித்தாள்.

குழுவில் சின்னவளின் கணவன் இதயம் ஒன்று போட்டான். 'சூப்பரா இருக்கே' என்று எழுதினான். பெரியவளின் கணவன் வழக்கம்போல் ஒரு கட்டைவிரல்.

மாமனார் ஒன்றும் எழுதவில்லை. போன் வந்தது.

குரலை உயர்த்தாமல்தான் பேசினார். சாப்பிட்டாயிற்றா, குளிர் எப்படி என்று விசாரித்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"படத்துல கை வச்சிருக்கியாம்மா?"

ஒட்டு தெரிந்துவிட்டதா? ஓரமெல்லாம் நன்றாகத்தானே மெழுகினோம்? இல்லை மாமா என்று சொல்ல வாயெடுத்தாள்.

"சின்னவ நெத்தித் தழும்பு எங்க?"

அவளுக்கு ஆறு, பாலம், வரலாறு எல்லாம் ஒரு கணம் நின்றுபோயின. துடைத்திருக்கிறாள். பழக்கம். முகம் என்று ஒன்று கண்முன் வந்தால் அவள் கை கேட்காமலே செய்கிற வேலை. தொப்பியைத் தூக்கியதும் புருவத்துக்கு மேலே பிறை மாதிரி தெரிந்த அந்தத் தழும்பை யாரோ வாடிக்கைக்காரியின் பருவைப் போலத் துடைத்து எடுத்திருக்கிறாள். வேறு எதைத் துடைத்திருந்தாலும் தலை தப்பியிருக்கும்.

அந்தத் தழும்புக்குக் காரணமே மாமனார்தான். சின்னவள் வாழ வந்த புதிதில், அவர் திருகாணியை முடுக்க மறந்த விளக்குத் தாங்கி அவள் நெற்றியில் சாய்ந்தது. துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தான். ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஆனால் எந்தப் படம் வந்தாலும் அவர் கண் முதலில் போய் நிற்கிற இடம் அதுதான். பெரியவள் அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள்.

"பழக்க தோஷம் மாமா. தெரியாம கை போயிடுச்சு" என்றாள். அது பொய்யில்லை.

"அவ பக்கத்துல இருந்தா போனைக் குடேன்."

பாத்ரூம் போயிருக்கிறாள் என்றாள். இது பொய்.

"உன் கண்ணுக்குக் கீழ இருக்கற கருவளையத்தையும் எடுத்திருக்கே. எடுத்தா போயிடுமாம்மா?"

சாயங்காலம் நல்ல படமாக ஒன்று அனுப்பச் சொல்லிவிட்டு அவரே வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அழுகை வந்தது, காற்றுக்குக் கண் கலங்குகிறது என்று மாத்திரையிடம் சொல்லிக்கொண்டாள். மாத்திரை கைப்பையிலிருந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து எடுத்து நீட்டினாள்.

இருட்டுவதற்கு முன்னால் நகரத்தின் நடுச் சதுக்கத்துக்கு வந்தார்கள். அங்கே பனித்தரை போட்டு, அடியில் சக்கரத்துக்குப் பதில் இரும்புத் தகடு வைத்த சறுக்குக் காலணியை வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதிர்பார்க்காத விதமாக வரலாறு அதை மாட்டிக்கொண்டு இறங்கினாள். இறங்கிய வேகத்தில் உட்கார்ந்தாள். எழுந்து, கம்பியைப் பிடித்து, குழந்தைகள் வழிவிட, கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிற கம்பீரத்தோடு நகர்ந்தாள். மாத்திரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியவளுக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு.

சிவப்புத் தொப்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவது அப்போது தெரிந்தது. முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. சின்னவளுக்குச் சந்தோஷத்தையும் மறைக்க வராது.

பெஞ்சில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதமே சேரச் சொல்கிறார்கள். நாளைக் காலை மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கம்பெனியில் ஒரு மாடி முழுக்க முகம் துடைக்கிற ஆட்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்களாம். இன்னும் ஆள் தேடுகிறார்களாம். நாளைக்குக் கூட வருகிறாயா என்று கேட்டாள்.

"நான் எதுக்கு? ரெண்டு பேரும் காணாம போனா வரலாறு போலீசுக்குப் போயிடுவா" என்று சிரித்து மழுப்பினாள் பெரியவள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையுறைகளுக்கு நடுவே கை இருப்பதே தெரியவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கிடைக்கக் கூடாதுன்னு ஒரு நிமிஷம் நெனச்சுட்டேன்டி."

சின்னவள் பனித்தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும்தான் நெனச்சேன். உள்ள கூப்பிடறதுக்கு முன்னாடி. கிடைக்கலன்னா நாளைக்கழிச்சு உன்கூட ரயில் ஏறிடலாமேன்னு."

எதிரே வரலாறு இரண்டாம் முறை விழுந்தாள்.

தழும்பு விஷயத்தைச் சொன்னதும் சின்னவள் தொப்பியைத் தள்ளி நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், அது போய்விட்டதோ என்பது போல. சிரித்தாள். சின்ன மகன் போட்டிருந்த இதயத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மாமனாருக்கு உடனே தெரிந்தது, கட்டியவனுக்குத் தெரியவில்லை.

மாத்திரையைக் கூப்பிட்டு ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். அவள் கட்டைவிரல் ஒரு மூலையை மறைத்தது. தலைக்கு மேலே தேவையில்லாத ஆகாயம். அதில் இரண்டு பெண்கள்: ஒருத்தி நெற்றியில் தழும்பு, இன்னொருத்தி கண்ணுக்குக் கீழே கருப்பு, இருவர் மூக்கும் சிவந்து, நாள் முழுக்க அலைந்த அலுப்பு அப்படியே முகத்தில். பெரியவளின் விரல் பழக்கத்தில் திரையருகே போயிற்று. இழுத்துக்கொண்டாள். அப்படியே அனுப்பினாள்.

சின்ன மகன்தான் முதலில் எழுதினான். 'முந்தின படத்துலதான் நல்லா இருந்தே. இதுல ஏன் இவ்ளோ டல்லா இருக்கே?' சின்னவள் படித்துவிட்டுப் போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மாமனாரிடமிருந்து, படத்தில் விழுந்த மாத்திரையின் கட்டைவிரலுக்குக் கூட ஒரு குறை வரவில்லை.

விடுதிக்குத் திரும்புகிற பஸ்ஸில் சின்னவள் பெரியவளின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வரலாறு இடுப்பைத் தேய்த்துக்கொண்டே நாளைய திட்டத்தை ஒப்பித்தாள். அரண்மனை, தோட்டம், அதற்குப் பிறகு இன்னொரு அருங்காட்சியகம். மாத்திரை முனகினாள்.

பெரியவளின் போன் அதிர்ந்தது. குழுவில் இல்லை. அவளுக்கு மட்டும் தனியாக, மாமனார்.

'இந்தப் படம் சரி. சின்னவளுக்கு வேலை கிடைத்ததா? வேலைக்கு மனுப் போட அவள் அச்சடித்துப் பார்த்துக் கசக்கிப் போட்ட தாள்கள் ஸ்டூடியோ குப்பைக் கூடையில் கிடந்தன. நல்ல வேலைப்பாடு. யாரிடமும் நான் சொல்லவில்லை.'

தெரிந்துகொண்டேவா காலையிலிருந்து கம்பியையும் தழும்பையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்? தோளில் கிடந்த தலையைப் பார்த்தாள். எழுப்பிக் கேட்கலாமா? 'எந்த வேலை மாமா' என்று எழுதினாள், அழித்தாள். இன்றைக்குச் சொன்ன பொய்கள் போதும் என்று தோன்றியது.

'கிடைத்துவிட்டது மாமா' என்று அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது.

'சந்தோஷம். சின்னவனிடம் அவளே சொல்லட்டும். உனக்கும் ஒரு இடம் இருக்கிறதா என்று கேட்டாயா?'

பெரியவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சாப்பாடு ஆயிற்றா, படம் ஆயிற்றா, துணி காய்ந்ததா என்று எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. அவளே கூடத் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

முன் இருக்கையில் இருந்து வரலாறு திரும்பினாள். காலையில் எல்லோரும் சீக்கிரம் தயாராகிவிட வேண்டும், அரண்மனைக்குக் கூட்டம் சேர்ந்துவிடும் என்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நாளைக்குக் காலைல நான் சின்னவகூடப் போறேன், என்னை எதிர்பாக்காதீங்க" என்றாள் பெரியவள், தோளில் இருந்த தலை அசையாதபடி மெதுவாக.